மோந்து பார்க்கமாட்டேன்

கோயில் மணி அடித்து ஓய்ந்து, சாயங்காலப் பூசைக்குப் போகிறவர்களின் செருப்புச் சத்தமும் சந்து முனையைத் தாண்டிப் போய்விட்டது. பிரிட்டோவின் வண்டி மட்டும் இன்னும் திரும்பவில்லை. வருவான், ஈஸ்டர் லீவு முடிந்து பட்டறை திறந்த முதல் நாள், வேலை இழுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே மோட்சராக்கினி முருங்கைக்கீரைக் கொத்து ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கை ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். சும்மா இருக்கும் கை போனைத் தேடும், போனை எடுத்தால் விரல் அவன் பெயரைத் தேடும், அப்புறம் அவள் கொடுத்த வாக்கு என்ன ஆவது. மகன் அவளிடம் இதுவரை பெரிதாக எதுவும் கேட்டவனில்லை. கேட்டது இது ஒன்றுதான். கார்த்திகை மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில் பல்கூட விளக்காமல் அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தான். அம்மா, நான் குடியை விட்டுடலாம்னு இருக்கேன், நீ ஒண்ணு செய்யணும், என்னைய மோந்து பாக்கக் கூடாது, பையைத் துழாவக் கூடாது, எங்கடா இருக்கேன்னு போன் போட்டுக் கேக்கக் கூடாது, நீ போலீசா இருந்தா நான் திருடனாத்தாம்மா இருப்பேன் என்றான். அவள் சரி என்றாள். தோசை திருப்பிக்கொண்டிருந்த கையோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டாள். அந்தச் சரி இத்தனை மாதத்துக்கு நீளும், ஒவ்வொரு சாயங்காலமும் அதைப் புதிதாக முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

அவளுடைய மூக்கு சாதாரண மூக்கு இல்லை. பாலக்கரையில் அந்தச் சந்து முழுக்க அதற்குப் பெயர் உண்டு. மூன்றாவது வீட்டில் பால் திரியப் போகிறது என்றால் அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் இவளுக்குத் தெரியும். கேஸ் கசிந்த அன்று இரண்டு குடும்பத்தைத் தூக்கத்திலிருந்து எழுப்பி வெளியே கொண்டுவந்தது இந்த மூக்குத்தான். பிரிட்டோ பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் உச்சந்தலையை மோந்து பார்த்தே வெயிலில் ஆடினானா, வகுப்பில் இருந்தானா என்று சொல்லிவிடுவாள், அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எந்த வயதில் நின்றது. மீசை வந்து, பட்டறை வேலைக்குப் போய், முதல்முறையாக ஒரு மாதிரிப் புளித்த வாடையோடு வந்து நின்றானே, அன்றைக்குத்தான் நின்றிருக்கும். அதற்கப்புறம் மோப்பம் என்பது வேறு காரியமாகிவிட்டது. வேர்வையைத் துடைக்கிற சாக்கில் முந்தானையோடு நெருங்குவாள். காய்ச்சல் அடிக்குதா பாப்போம் என்று நெற்றியில் கை வைப்பாள். அவன் புதினா மிட்டாய் மென்று வருவான், வெற்றிலை போட்டு வருவான், ஒருநாள் பச்சைக் கொத்தமல்லியைக் கைப்பிடியாக வாயில் திணித்து ஆடு மாதிரி மென்றுகொண்டே வந்தான். இந்த மூக்கிடம் அதெல்லாம் எடுபடுமா. குடிச்சியா என்பாள். இல்லம்மா என்பான். மாதா மேல சத்தியமா என்பாள். சத்தியமா என்பான். பாவம், அந்த மாதாவை எத்தனை பொய்க்குச் சாட்சியாக நிற்கவைத்தார்கள் அம்மாவும் மகனும்.

கீரைக் காம்பு ஒன்று இலையோடு சேர்ந்து தாம்பாளத்தில் விழுந்துவிட்டது, பொறுக்கி எடுத்தாள். மோந்து பார்க்காமல் இருப்பதைச் சும்மா இருப்பது என்று நினைத்ததுதான் தப்பு. முதல் வாரம் அவன் பக்கத்தில் வந்தாலே மூச்சை வாயால் விட்டாள், தலை சுற்றியது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் வருகிற நேரத்துக்குச் சரியாகச் சாம்பிராணி போட்டுவிடுவது. வீடே புகை மண்டினால் மூக்குக்கு வேலை இல்லை. பிரிட்டோ இருமிக்கொண்டே உள்ளே வருவான், ஒன்றும் கேட்கமாட்டான். ஒருநாள் மட்டும் வழுக்கிவிட்டாள். துவைக்கப் போட்டிருந்த சட்டையை எடுத்துக் காலரில் முகத்தைப் புதைத்துவிட்டாள். கிரீசு, வேர்வை, இரும்புத்தூள், வேறு ஒன்றும் இல்லை. சந்தோஷத்தில் அழுதாள், அழுதுகொண்டே வெட்கப்பட்டாள். சட்டையைத்தானே மோந்தோம், அவனை இல்லையே என்று ராத்திரி முழுக்கத் தனக்குத்தானே வாதாடினாள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது பங்குச் சாமியார் கிராதிக்கு அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது இவளுக்குக் கேட்டது. சட்டையும் பிரிட்டோதாம்மா என்றார். அதோடு விடவில்லை. உங்க மகன் கஷ்டப்படுறதுல பாதியாச்சும் நீங்க படுறீங்க போல, நல்லது, அப்பத்தான் அவனுக்கு என்ன வலின்னு தெரியும் என்றார். அந்த வார்த்தை அன்றைக்குப் புரியவில்லை. இன்றைக்கு லேசாகப் புரிகிற மாதிரி இருந்தது, புரியவும் பயமாக இருந்தது.

இடுப்பில் செருகியிருந்த செபமாலையை எடுத்தாள். திங்கட்கிழமை, சந்தோஷ மறையுண்மைகள் சொல்ல வேண்டிய நாள். கீரை ஆய்ந்த விரலில் மணி வழுக்கியது. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்த வாய் அதுபாட்டுக்கு ஓடியது, மனசு சந்து முனையில் போய் நின்றுகொண்டது. அதோ ஒரு வண்டி. இல்லை, அது பால்காரர் வண்டி. இதோ இன்னொன்று. அதுவும் இல்லை, இது புது வண்டி, பிரிட்டோ வண்டிக்கு மேடு ஏறும்போது ஒரு இருமல் உண்டு. ஐந்தாவது மறையுண்மைக்கு வந்தபோது மாலை கையில் நின்றுவிட்டது. காணாமற்போன பாலன் கோயிலில் கண்டெடுக்கப்பட்டது. மாதாவே தேடித்தானே போனாள். வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு பிள்ளை தானாக வரட்டும் என்று இருந்தாளா. ஊர் முழுக்க, சொந்தக்காரர் வீடு முழுக்க அலைந்தாள், கண்டதும் ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்கவும் கேட்டாள். கேட்கிறதற்கு முன்னால் இழுத்து அணைத்திருப்பாள், அணைக்கும்போது தலையை மோந்திருக்கமாட்டாளா, எந்தத் தாய் மோக்காமல் இருப்பாள். அப்படியானால் நான் போனால் என்ன. சூசையப்பரே, இது செபமா, இல்லை வாக்கை மீற நான் தேடுகிற சாக்கா. அவள் மாலையை முத்தமிட்டு மறுபடி முதல் மணியிலிருந்து ஆரம்பித்தாள், இரண்டு மணிகூடப் போகவில்லை, போன வருஷம் வந்து குறுக்கே நின்றது.

போன வருஷமும் இதே நாள், ஈஸ்டருக்கு மறுநாள். இதே மாதிரி வர்ற நேரந்தான் என்று உட்கார்ந்திருந்தாள். போன் வந்தது, யாரோ ஒரு ஆள், அம்மா நீங்க பிரிட்டோவோட அம்மாவா என்று நிதானமாகக் கேட்டார். அந்த நிதானத்திலேயே இவளுக்குத் தெரிந்துவிட்டது. வண்டி ஒருபக்கம், பிள்ளை ஒருபக்கம், தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து நெடி, ரத்த நெடி எல்லாவற்றையும் தாண்டி அந்த வாடை வந்தது. அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். ஒவ்வொரு வருஷமும் தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் அன்று சூசையப்பர் சுரூபத்துக்கு முன்னால் அவனை நிறுத்திச் சத்தியம் வாங்கியது இவள்தான். தவக்காலம் முடிகிறவரைக்கும் தொடமாட்டேன் என்பான், தொடவும் மாட்டான். ஊரே மெச்சும், ராக்கினி மகன் என்னமா இருக்கான் பாரு என்பார்கள், இவளுக்கும் தலை நிமிரும். ஆனால் சத்தியத்துக்கு ஒரு தேதி இருந்ததே. ஈஸ்டருக்கு முந்தின ராத்திரிப் பாஸ்கா பூசை முடிந்து, விடிந்து, கறி வாங்கிவந்ததும் இவளே ஈரலைத் தனியாக எடுத்து மிளகு போட்டு வறுத்து அறைக்குள் கொண்டுபோய் வைப்பாள். வெளியே எங்கேயாவது போய்க் குடிப்பதற்கு வீட்டுக்குள் இருக்கட்டும், இத்தனை நாள் இருந்தானே என்று கதவையும் சாத்திவிடுவாள். அடக்கமாக இருக்கக் கற்றுக்கொடுத்தோம் என்றுதான் நினைத்தாள். கற்றுக்கொடுத்தது காத்திருக்க. அதனால்தான் இந்தத் தடவை விபூதிப் புதன் அன்று இவள் வாயைத் திறக்குமுன் அவனே சொல்லிவிட்டான், சுரூபத்துக்கு முன்னாடி நிக்கமாட்டேன்மா, தேதி போட்டா நான் தேதியைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன் என்று. தவக்காலம் போயிற்று. நேற்று ஈஸ்டரும் போயிற்று, வீட்டிலேயே கிடந்தான், கறி சாப்பிட்டான், டிவிக்கு முன்னால் தூங்கினான், இவள் ஈரலை வாங்கவே இல்லை. நேற்று போய்விட்டது என்று நிம்மதியாகப் படுத்தாளே, முட்டாள், நேற்று இவள் இருந்தாள் வீட்டில். இன்றைக்கு அரியமங்கலத்துப் பட்டறை. பட்டறையிலிருந்து வருகிற வழியில் பாலத்தடிக் கடை. அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் அவன் தினமும் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறான். மார்க்கெட்டைச் சுற்றினாலும் இவ்வளவு நேரம் ஆகாது.

"என்னடி ராக்கினி, இன்னைக்குப் புகையைக் காணோம்? சாம்பிராணிக்கு லீவா?"

எதிர்வீட்டு ரெஜினாக்கா குடத்தோடு வாசலில் நின்றாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது, சாம்பிராணி போடவே மறந்துவிட்டது.

"கரி பத்தலக்கா."

"தினமும் போடுறியேன்னு கேட்டேன். எங்க வீட்டு மனுசன் மத்தியானமே ஆரம்பிச்சாச்சு. விரதம் இருந்த நாளுக்கெல்லாம் சேத்து ஊத்துனாத்தான் அந்தாளுக்குப் பாஸ்கா முடியும். உன் பிள்ளை வந்துட்டானா?"

"வேலை இருக்கும்க்கா. வந்துருவான்."

"இருக்கும், இருக்கும்" என்று சொல்லிவிட்டு ரெஜினாக்கா குழாயடிக்குப் போனாள். கெட்ட மனசுக்காரி இல்லை. ஆனால் அந்த இரண்டாவது இருக்கும் ராக்கினியின் நெஞ்சுக்குள் போய்க் குறுக்கே மாட்டிக்கொண்டது.

போன் அடித்தது. பெயரைப் பார்க்காமல் எடுத்துக் காதில் வைத்தாள். நிதானமான ஆம்பளைக் குரல் ஒன்று வரப்போகிறது என்று கண்ணை மூடினாள். கோயம்புத்தூரிலிருந்து மகள் அமலி.

"அண்ணன் வந்துட்டானா?"

"வர்ற நேரந்தான்."

"போன் போட்டுப் பாத்தியா?"

"போடமாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல."

"ஆமா, பெரிய வேதசாட்சி. போன வருசமும் இப்படித்தான் வர்ற நேரந்தான், வர்ற நேரந்தான்னு உக்காந்திருந்த. சரி, நான் போடுறேன். நான் ஒண்ணும் வாக்குக் குடுக்கலையே."

"நீ போட்டா நான் போட்ட மாதிரிதான். வேணாம் அமலி."

"அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன் வாக்கை வச்சு என்னம்மா பண்ணப்போற?"

உலை கொதிக்குது, வை என்று பொய் சொல்லிவிட்டு வைத்தாள். பொய்யும் சேர்ந்துகொண்டது இன்றைக்கு.

வைத்த பிறகும் போன் கையிலேயே இருந்தது. வெளிச்சம் அணையவில்லை. பெருவிரலுக்கு நேர் கீழே அவன் பெயர். ஒரு தடவை போட்டால் என்ன. ஒரே ஒரு தடவை. அடிக்கிற சத்தம் கேட்டால் போதும், பேசக்கூட வேண்டாம், எடுத்துவிட்டான் என்று தெரிந்ததும் வைத்துவிடலாம். நாளையிலிருந்து பழையபடி வாக்கைக் காப்பாற்றிக்கொள்ளலாம், இன்றைக்கு நாள் அப்படி, இன்றைக்குச் செய்வதைத் தப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். உள்ளங்கை வேர்த்தது, நாக்கு வறண்டது, காதுக்குள் என்னவோ இரைந்தது. அந்தச் சமயத்தில்தான் தன் மனசு பேசுகிற பேச்சு எங்கேயோ கேட்ட பேச்சு மாதிரி அவளுக்குப் பட்டது. ஒரே ஒரு தடவைம்மா. இன்னைக்கு மட்டும்மா. நாளையில இருந்து பாரு. யார் சொன்னது இதையெல்லாம். அவன்தான், வருஷக்கணக்காக, இதே வாசலில் நின்று, இதே வார்த்தைகளை, இந்த வரிசையிலேயே சொன்னான். அவள் போனைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவனுக்கு அந்தக் கடை என்றால் எனக்கு இதுவா. அவன் தொண்டையில் எரிகிறது இப்படித்தான் எரியுமா, இப்படித்தான் வேர்க்குமா, இவ்வளவு நியாயத்தோடா பேசும் அது. ஐயோ என் பிள்ளை, இதை வைத்துக்கொண்டா தினமும் மார்க்கெட்டைச் சுற்றி வந்தான். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன், மனசு வச்சா முடியாதாடா என்று எத்தனை தடவை கேட்டேன். போனை எடுத்துக்கொண்டுபோய் அரிசி டின்னுக்குள் வைத்து மூடினாள். மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்தாள். ஒரு கால் செருப்புக்குள் போய்விட்டது. சந்து முனைவரைக்கும்தான், பச்சைமிளகாய் வாங்குகிற மாதிரி, போனைத்தானே வேண்டாம் என்றான், கடைக்குப் போகக் கூடாது என்றானா. பார், மறுபடியும் பேசுகிறது. இன்னொரு செருப்பு வாசற்படியில் கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தாமல், ஒற்றைச் செருப்போடு, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. இருட்டிக்கொண்டு வந்தது. ஆண்டவரே, என்னைப் பிடித்துக்கொள்ளும், என்னால் இதற்கு மேல் என்னைப் பிடிக்க முடியவில்லை என்றாள். பூசைப் புத்தகத்தில் இல்லாத செபம் அது.

வண்டிச் சத்தம் கேட்கவில்லை. சக்கரம் உருளும் சத்தம்தான் வந்தது, செயின் டிக் டிக்கென்று சொல்கிற சத்தம், கூடவே ஒரு கால் அழுத்தியும் ஒரு கால் இழுத்தும் வைக்கிற நடை. தள்ளிக்கொண்டு வருகிறான். ஏன் தள்ளிக்கொண்டு வருகிறான். பெட்ரோல் தீர்ந்திருக்கும், பஞ்சராகியிருக்கும், இல்லை என்றால், இல்லை என்றால். ராக்கினி சட்டென்று உள்ளே வந்து கீரைத் தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். மூச்சை வாய்க்கு மாற்றினாள். வண்டி ஸ்டாண்டு போடுகிற சத்தம். படிக்கு வெளியே அவன் நின்றான், உள்ளே வரவில்லை.

"அம்மா."

"ம்."

"விளக்கைப் போடாத."

அவள் போடவில்லை. என்னடா, ஏன்டா தள்ளிக்கிட்டு வர்ற, எங்கடா போன, அத்தனையும் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நின்றன.

"குடிச்சிட்டேன்மா."

அவளுக்குள் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. கார்த்திகையிலிருந்து ஒவ்வொரு நாளாக அடுக்கிவைத்தது எல்லாம் போயிற்று, ஆஸ்பத்திரிப் பெஞ்சு வந்தது, ரெஜினாக்காவின் இருக்கும் வந்தது, அமலி கேட்ட கேள்வி வந்தது. எழுந்துபோய் அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடிக்க வேண்டும், ஓவென்று கத்த வேண்டும் என்று உடம்பு எழும்பியது. எழும்பிய உடம்பு பாதியிலேயே நின்றது. குடிச்சிட்டேன்மா. இதைச் சொன்னது யார். இந்த வீட்டில் இந்த வார்த்தையை இதுவரை அவன் சொன்னதே இல்லை. எப்போதும் அவள்தான் சொல்வாள், அவன் இல்லை என்பான். இருட்டில், எட்டி நின்றுகொண்டு, யாரும் கேட்காமல், யாரும் மோந்து பார்க்காமல், தன் வாயால் சொல்கிறான். புதினா மிட்டாய் மெல்லாத வாய்.

யார் கூட என்று கேட்காதே. எவ்வளவு என்று கேட்காதே. அவள் முருங்கைக்காம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள், அது ஒடிந்தது.

"வேலை முடிஞ்சதும் கூப்பிட்டானுங்க. ஈஸ்டருக்குக்கூட வரலையேடான்னு. ஒரு கிளாஸ் குடிச்சேன். ரெண்டாவதும் ஊத்தி முன்னால வச்சிட்டானுங்க. அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்மா. அவனுங்க பேசுறது எதுவும் காதுல விழல. அப்புறம் எந்திரிச்சு வந்துட்டேன். வண்டியை ஓட்டல. குடிச்சிட்டு ஓட்டக் கூடாதுன்னு தள்ளிக்கிட்டே வந்தேன்."

"அரியமங்கலத்துல இருந்தா?"

அதுதான் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. போலீஸ் கேட்கிற கேள்வி இல்லை அது.

"ஆமா."

"கம்பி வச்ச காலோடயா?"

"ஆமாம்மா. உயிர் போகுது."

"உள்ள வா. படியில பாத்து."

அவன் கைகால் கழுவிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தான். பசிக்குதும்மா என்றான். குடித்துவிட்டு வந்த எந்த நாளிலும் அவன் பசிக்கிறது என்று சொன்னதில்லை, சோறு போட்டால் தட்டைத் தள்ளிவிடுவான். அவள் விளக்கைப் போட்டாள், அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண் சிவந்திருந்தது, அழுத சிவப்பா மற்ற சிவப்பா என்று ஆராயப்போன தன் கண்ணைத் தட்டின்மேல் திருப்பினாள். பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறும்போது மூச்சு தானாகவே மூக்குக்கு வந்துவிட்டது, வாயால் விட்டு விட்டுக் களைத்துப்போயிருந்தாள். வேர்வை, கிரீசு, சோப்பு, அவற்றுக்கு அடியில் அது. அவள் தேடவில்லை, அது வந்து சேர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன் சொன்னதற்கு மேல் அந்த வாடை புதிதாக எதையும் அவளிடம் சொல்லவில்லை.

பாதிச் சோற்றில் அவன் கையை நிறுத்தினான்.

"நாளைக்குப் பட்டறை விடுற நேரத்துக்கு எனக்குப் போன் போடும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதானடா போடாதன்னு சொன்ன."

"நான்தான் சொன்னேன். இப்ப நானே கேக்குறேன். எங்க இருக்கேன்னு கேக்க வேணாம். சும்மா போடு. எடுக்கலன்னா திரும்பப் போடு."

"என்ன பேசுறது?"

"குழம்பு என்னன்னு சொல்லு. ரெஜினாப் பெரியம்மா யாரத் திட்டுனாங்கன்னு சொல்லு. எதையாச்சும் பேசு. வண்டிய எடுக்குற வரைக்கும் பேசு."

சரி என்றாள். இந்தத் தடவை திரும்பி, அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று ரசக் கரண்டியை எடுத்து ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, போதும். தட்டு வழியுது" என்றான் பிரிட்டோ.